வாசற்படிக்கு உரியவர் யார்?

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகா நதி அணைக்கு அருகே, திராட்சைப் பந்தல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ அமைந்திருக்கும் ராயப்பன்பட்டியைப் போன்ற கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களில், ஒருவர் வீட்டுக்குள் மற்றொருவர் பிரவேசிப்பதற்கென்று எழுதாத சம்பிரதாயம் ஒன்று நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. திண்ணை வரை எவரும் வரலாம், நடையைத் தாண்டுவதற்கு முன் கனைத்தோ, “வீட்டுல ஆரு?” என்று குரல் கொடுத்தோ, உள்ளிருந்து பதில் வரும்வரை நின்றாக வேண்டும், அடுப்படியோ உறவினருக்கும் அழைத்தால்தான். இந்தச் சம்பிரதாயத்தை மெச்சிப் பேசுகிற நம்மவர் பலர், இது எல்லா வீட்டு வாசலுக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். பண்ணையாளின் குடிசை வாசலில் நிலக்காரர் கனைத்துவிட்டுக் காத்து நின்றதாக எந்த ஊரிலும் கேள்வியில்லை. குடிசை நின்ற மண் தம்முடையது என்பதால் குடிசைக்குள் நடக்கும் வாழ்வும் தமது பார்வைக்கு உட்பட்டதே என்று அவர் கருதினார். குடிசையில் இருந்தவரும் அதை மறுக்கும் நிலையில் இருக்கவில்லை. வாடகைக்கு வீடு விடுகிற வழக்கம் பிற்காலத்தில் பரவியபோது, கனைக்கும் சம்பிரதாயத்தை விட இந்தப் பண்ணை மனோபாவமே அதனோடு கூடவே குடியேறிற்று என்பது என் அபிப்பிராயம்.

இந்த மனோபாவம் சட்டத்தின் பக்கபலத்தோடு, ஒளிவுமறைவின்றி நிலைபெற்று நின்ற இடத்தைக் காண வேண்டுமானால், பள்ளத்தாக்கின் மேற்கே எழும் ஏலமலைகளின் மேல் ஏற வேண்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற காலத்தை ஒட்டித் திருவிதாங்கூர் மலைகளில் தோட்டங்கள் பெருக, கம்பம் மெட்டு, தேவாரம் மெட்டு, போடி மெட்டு ஆகிய பாதைகளின் வழியாகப் பள்ளத்தாக்கு மக்கள் வேலை தேடி மலையேறினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த உறைவிடத்தின் பெயர் லயம். லைன் வீடு என்றும் சொல்வார்கள். நீண்ட தகரக் கூரை ஒன்றின் கீழ், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற கணக்கில் வரிசையாகத் தடுக்கப்பட்ட கட்டடம் அது. இதே போன்ற லயங்கள் இருந்த இலங்கைத் தோட்டங்களில் அத்தகைய அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி; சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இரண்டு வரிசைகள் இருந்தமையால், பின்புறம் சன்னல் வைக்கவும் இடமில்லை. தடுப்புச் சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடும் லயங்களில், ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்கும். புதிதாக மணமானவர்களுக்கென்று அறையின் குறுக்கே கட்டிய சாக்குப் படுதா ஒன்றே அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதற்கும் அரண்.

அந்த அரணுக்கும் மதிப்பிருந்ததா என்றால், இல்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, தப்பு முழங்கியதும் வெளியே வராதவர்களை, காய்ச்சலில் கிடப்பவர் என்றும் பாராமல் அறைக்குள் புகுந்து கிளப்புவது, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணிக்கு அன்றாட வேலை. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்த நாவல், இத்தகைய லய வாழ்க்கையைத்தான் களமாகக் கொண்டது. காலராவும் மலேரியாவும் மிகுந்திருந்த அக்காலத்தில் லயங்களைச் சோதிப்பதற்கு நியாயமான சுகாதாரக் காரணங்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பானையில் தேங்கிய நீரைப் பார்க்க வந்த கண், மூலையில் படுத்திருக்கும் விருந்தாளி யார் என்பதையும் சேர்த்தே பார்த்துச் சென்றது.

இதில் வியப்பு என்னவென்றால், தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயத் துரைமார்களின் சொந்த நாட்டிலே 1604ஆம் ஆண்டிலேயே, ஸெமெய்ன் வழக்கு என்று பெயர்பெற்ற தீர்ப்பில், ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டையே என்றும், அரசனின் ஆணையோடு வரும் அதிகாரியும்கூடத் தான் வந்த காரியத்தைச் சொல்லி, கதவைத் திறக்குமாறு கேட்ட பின்னரே உள்ளே புகலாம் என்றும் நீதிபதிகள் நிர்ணயித்திருந்தார்கள். நம்மூர்க் கனைப்பும் அந்தத் தீர்ப்பும் ஒரே தர்மத்தின் இரண்டு உருவங்கள் என்றே சொல்லலாம். கப்பலேறி வந்த துரைமார்கள் ஆங்கிலச் சட்டத்தில் எத்தனையோ அம்சங்களைக் கொண்டுவந்தார்கள். இதை மட்டும் லயத்து வாசலில் இறக்கிவைக்க மறந்துபோனார்கள்.

மறதி என்றும் சொல்லிவிட முடியாது. சட்டமே அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தது. வேலைக்காரன் என்ற முறையில் ஒருவனுக்குக் கொடுக்கப்பட்ட அறையில் அவன் குடியிருப்பது எஜமானனின் சுவாதீனத்தின் ஒரு பகுதியே அன்றி அவனுடைய சொந்தச் சுவாதீனம் ஆகாது என்பதே அந்தச் சமாதானம். இதன் பலன் விபரீதமாயிற்று. லயத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க வரும் அண்ணனும், புடவை விற்க வரும் வியாபாரியும், சங்கம் அமைக்க வரும் தொண்டரும் தொழிலாளியின் விருந்தினர் அல்லர். துரையின் அனுமதியின்றி நுழைந்தால், அவருடைய நிலத்தில் அத்துமீறியவர்கள். இலங்கை மலைநாட்டில் தொழிற்சங்கத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையைத் தாமே பார்த்தறிவதற்குப் புடவை வியாபாரியைப் போல வேடம் பூண்டு தோட்டத்துக்குள் செல்ல வேண்டியிருந்தது. தஞ்சையிலிருந்து சென்ற ஒரு படித்த மனிதர், சக மனிதர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று பேசுவதற்கு வேடம் புனைய நேர்ந்தது என்பதொன்றே லயத்து வாசலுக்கு எஜமானர் யார் என்பதைக் காட்டிவிடும்.

ஆனாலும் அதே அத்துமீறல் சட்டம் ஒருமுறை தொழிலாளிக்குக் கை கொடுத்தது. 1940களில் கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென்று இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கே தலைமுறையாகக் குடியிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. வெளியேற மறுத்தவர்கள் மீது குற்ற அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டு, செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஆயுள் முழுவதும் தன் இல்லமாக இருந்த இடத்திலேயே தங்கியிருக்க விரும்பியவனிடம் எவரையும் அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ நோக்கம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று கூறி, 1950இல் கவுன்சில் அவருக்கு விதித்த தண்டனையை நீக்கிற்று. லயத்து அறையையும் ஒருவன் ‘என் வீடு’ என்று எண்ண இடமுண்டு என்பதைப் பேரரசின் உச்ச நீதிபீடமே ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் அது.

இனிப் பள்ளத்தாக்குக்கு இறங்குவோம். 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயத் தொடங்கிய பின் வயல்கள் செழிக்க, கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடங்கள் வளர, வெளியூர் ஆசிரியர்களும் அலுவலர்களும் ராயப்பன்பட்டி போன்ற ஊர்களிலும் குடிக்கூலிக்கு வீடு தேடினார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு மூன்று அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கிணறு ஒன்று, கழிப்பிடம் ஒன்று, மின்சார மீட்டரும் பல இடங்களில் ஒன்று. இந்த ஒருமைதான் வம்பின் ஊற்று. மாற்றுச் சாவி எப்போதும் வீட்டுக்காரர் மடியில் இருக்கும். குடியிருப்பவர் வேலைக்குப் போன நேரத்தில் “குழாய் ஒழுகுதான்னு பாக்க வந்தேன்” என்று அறைக்குள் ஒரு வலம் வந்துவிடுவார். யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார், அடுப்பில் என்ன வெந்தது என்பதெல்லாம் மாலையில் திண்ணையில் பேச்சாகும். எதிர்த்துக் கேட்டால், அன்று இரவே மீட்டர்ப் பெட்டியிலிருந்து பீஸ் கட்டை உருவப்பட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பீங்கான் துண்டு, கங்காணியின் பிரம்பு செய்த காரியத்தை ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

இதற்குச் சட்டம் என்ன செய்தது? 1946லும் 1949லும் 1960லும் சென்னை மாகாணத்திலும் மாநிலத்திலும் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நியாய வாடகை எவ்வளவு, எக்காரணங்களுக்காகக் குடியைக் கிளப்பலாம் என்பவற்றிலேயே பெரிதும் கவனம் செலுத்தின. குடியிருப்பவருக்குக் கிடைத்துவந்த வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது உண்மையே; பீஸ் கட்டைக்கு அது பதில். கதவுக்குப் பதில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் தெளிவாக வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கும் அச்சட்டத்தின்படி, பழுது பார்க்கவோ பரிசோதிக்கவோ உள்ளே வர வேண்டிய வீட்டு உரிமையாளர், குறைந்தது இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னதாக எழுத்து மூலமோ மின்னணு வழியிலோ அறிவிப்புத் தர வேண்டும். அதே 2017இல், ஆகஸ்ட் 24ஆம் தேதி, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. கனைத்துவிட்டு நில் என்று பாட்டிமார் சொல்லித் தந்ததை எழுத்தில் காண இத்தனை காலம் ஆயிற்று.

புதிய வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களை நோக்கியே எழுதப்பட்டது. கிராம ஊராட்சியில் குடியிருக்கும் ஆசிரியர், வாடகை அதிகாரியின் கதவைத் தட்டினால் பயன் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. அதற்காக அவர் நிராதரவாக நிற்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வருவதில்லை என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். அத்துமீறல் நடந்தால் தேதியும் நேரமும் குறித்து வைத்து, முதலில் கடிதம் மூலமாகவே கண்டிக்கலாம். காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்று திருப்பியனுப்பப் பார்ப்பார்கள். மனு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். ஏனெனில், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 441ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவாக விளங்கும் குற்ற அத்துமீறல் பற்றிய விதி, சொத்து யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. அது யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவரை அவமதிக்கவோ அச்சுறுத்தவோ தொல்லைப்படுத்தவோ எண்ணி அவர் அறைக்குள் நுழைகிறவர், அந்தக் கட்டடத்தைத் தாமே கட்டியவராக இருந்தாலும், அந்தப் பிரிவுக்கு உட்பட்டவரே. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அதில் பேதமில்லை. சென்னைக்கு எப்படியோ, ராயப்பன்பட்டிக்கும் அது அப்படியே பொருந்தும்.