பழைய பேரேட்டில் ஒட்டிய பயணங்கள்

1867 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’ என்ற நீராவிக் கப்பல் மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. ஐரோப்பாவையும் பாலஸ்தீனத்தையும் பார்க்கப் போன அந்தக் கூட்டத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைனும் இருந்தார். அவருடைய அறைத்தோழர் டான் ஸ்லோட், கணக்கு நோட்டுகளும் எழுதுபொருள்களும் விற்கும் வியாபாரி.

ட்வைன் வழிநெடுக எழுதிய கடிதங்களை சான் பிரான்சிஸ்கோவின் ‘ஆல்டா கலிபோர்னியா’ நாளிதழ் வெளியிட்டது. ஊர் திரும்பியதும் அவற்றைக் கத்தரித்து அனுப்பும்படி வீட்டாருக்கு எழுதினார். அந்தக் கடிதங்களைத் திருத்தி விரித்துத்தான் 1869-இல் ‘தி இன்னசென்ட்ஸ் அப்ராட்’ புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

கத்தரித்து ஒட்டும் பழக்கம் அன்றைய அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது. செய்தித்தாள் மலிவு, எழுதாத நோட்டுக்கோ காசு செலவாகும். அதனால் எழுதி முடித்த கணக்குப் பேரேடு, நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் இலவசமாக அனுப்பிய காப்புரிமை அலுவலக அறிக்கை, பழைய பாடப்புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் மாவுப்பசை காய்ச்சி ஒட்டினார்கள். பசையின் பதம் தப்பினால் தாள் சுருங்கும், பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் தொல்லைக்கு ட்வைனே ஒரு வழி கண்டார். தாளில் முன்கூட்டியே கோந்து பூசி உலர்த்திய ஏட்டுக்கு 1873 ஜூன் 24-இல் காப்புரிமை பெற்றார், எண் 140245. ஒட்டவேண்டிய இடத்தை மட்டும் நனைத்தால் போதும். அதைத் தயாரித்து விற்றது கப்பல் நண்பர் ஸ்லோட்டின் நிறுவனம். ட்வைனுக்கு இந்த ஏடு 50,000 டாலரும் மற்றப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து 2,00,000 டாலரும் தந்ததாக 1885-இல் ஒரு செய்தித்தாள் கணக்குப் போட்டது. ஒரு வார்த்தைகூட அச்சிடாத புத்தகத்துக்கு இது பெரிய தொகை.

ஆனாலும் மதிப்பு அதிகம் அந்தப் பழைய பேரேடுகளுக்குத்தான். ஒட்டிய துண்டு ஓர் ஊரைச் சொல்லும். அதன் ஓரத்தில் தெரியும் சர்க்கரை விலையும் கடன் பாக்கியும் ஒட்டியவரின் வீட்டைச் சொல்லும். தாளும் உறுதியானது. பல பேரேடுகள் கந்தல்துணிக் கூழில் செய்தவை. மரக்கூழ்த் தாளில் அச்சான பிற்காலச் செய்தித்தாளோ அமிலத்தால் பழுப்பேறி நொறுங்கிவிடும்.

பயண நினைவாக ஏட்டில் ஒட்டும் இன்றைய பயணச்சீட்டுக்கோ வேறு ஆபத்து. கருவியில் வெப்பத்தால் அச்சாகும் சீட்டில் எழுத்து சில ஆண்டுகளிலேயே மங்கிவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் அதை நகலெடுத்து, நகலையும் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது.