பிறை என்னும் தேதி

"இன்று பிறை என்ன?" என்பது தமிழ் முஸ்லிம்களிடையே அன்றாடம் வழங்கும் கேள்வி. முழுமதி ஒளிரும் இரவில் "பிறை 14" என்றும், நிலவே தென்படாத இரவில் "பிறை 29" என்றும் நாம் விடை கூறுகிறோம். பிற தமிழருக்கு இது விந்தையாகப் படக்கூடும்.

அறபு மொழியில் 'ஹிலால்' என்பது மாதத்தின் முதல் சில இரவுகளுக்கே உரிய பெயர். பின்னர் அது 'கமர்', நிறைந்தால் 'பத்ர்'. ஹிலால்கள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் என்கிறது திருக்குர்ஆன் (2:189). திருக்குறளிலும் (782) அறிவுடையார் நட்பின் வளர்ச்சிக்கே பிறை உவமையாகிறது. பேதையார் நட்பின் தேய்வுக்கு வள்ளுவர் 'மதி' என்ற வேறு சொல்லை ஆள்கிறார். இளநிலவின் இப்பெயரை மாதத்தின் எல்லா நாட்களுக்கும் உரிய எண்ணாக விரித்தது நம் முன்னோர் வழக்கு. எந்த எண்ணைச் சொன்னாலும், கண்ணால் கண்ட முதல் மாலை அதில் அடங்கியிருக்கிறது. அந்த மாலையின் கீற்றைத்தான் ஊரார் அமாவாசையையும் சேர்த்தெண்ணி 'மூன்றாம் பிறை' என்கின்றனர். நமக்கோ அது தலைப்பிறை!

வரலாறு எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மீஸான் கற்களிலும் பழைய கடிதங்களிலும் உள்ள பிறையை அட்டவணை கொண்டு ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, ஐயத்துக்கு இடமின்றி அச்சிடுகின்றனர். அட்டவணை என்பது முப்பதாண்டுச் சுழற்சியில் அமைந்த சராசரிக் கணக்கு. அது வானத்தைப் பார்ப்பதில்லை.

நெய்வேலியையே சான்றாகக் கொள்வோம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தது 1957 மே 20. ஹிஜ்ரி 1376, ஷவ்வால் பிறை 20 என்று அட்டவணை காட்டும். ஆனால், அமாவாசை நிகழ்ந்தது ஏப்ரல் 30 அதிகாலையில். அன்று சூரிய கிரகணமும் உண்டு. அன்று மாலை நிலவின் வயது ஏறத்தாழ 13 மணி நேரமே. அத்துணை இளைய நிலவு வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. எனவே தலைப்பிறை மே 1 மாலைக்குரியது. பெருநாள் மே 2. சுரங்கம் தொடங்கிய பகல் பிறை 19.

சிக்கல் இத்துடன் முடியவில்லை. ஆலைப் பதிவேட்டில் தேதி நள்ளிரவில் மாறும். நமக்கோ மஃரிபில் மாறும். விழா முடிந்த அன்று மாலையில், அட்டவணை சொன்ன அந்தப் பிறை 20 உண்மையாகவே பிறந்திருக்கும். ஆகவே பழைய ஆவணத்தில் பிறையுடன் கிழமையும் உள்ளதா என்று முதலில் தேடுதல் வேண்டும். அந்தப் பகல் திங்கட்கிழமை. அதனைத் தொடர்ந்த இரவு, நம் வழக்கில் 'செவ்வாய் இரவு'.