மறைந்து போன காய்ச்சல்

கொள்ளைநோய் ஏன் ஓய்கிறது? நோய் வரத்தக்கவர்கள் எல்லாரும் தீர்ந்துவிடுவதாலா? கிருமியின் வீரியம் குன்றுவதாலா? இரண்டுமே தேவையில்லை என்று 1927-இல் எடின்பரோவில் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். ஒருவர் மக்கென்ட்ரிக், இந்தியாவில் மருத்துவப் பணியாற்றித் திரும்பியவர். மற்றவர் கெர்மாக்; 1924-இல் ஆய்வுக்கூட விபத்தில் பார்வையை முற்றிலும் இழந்த இளம் வேதியியலார். தம் கணக்கைப் பம்பாயின் 1905-06 பிளேக் சாவுகளோடு ஒப்பிட்டுப் பொருந்தக் கண்டனர். (எலித்தெள்ளால் பரவும் நோய்க்கு அது அவ்வளவு நல்ல எடுத்துக்காட்டன்று; விதியோ நிலைத்துவிட்டது.)

அந்த விதி இதுதான்: ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்ற வைத்தால் நோய் பெருகும், அதற்குக் குறைந்தால் தணியும். நீங்களே போட்டுப் பாருங்கள். பருவந்தோறும் வரும் இன்புளுயென்சாவில் இவ்வெண் ஏறத்தாழ 1.3. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் புதிதாக எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டால் 1.3 × 0.75 = 0.975. அவ்வளவுதான், மீதி எழுபத்தைந்து பேரில் பெரும்பாலோரைத் தொடாமலே காய்ச்சல் அடங்கத் தொடங்குகிறது.

ஒரே மக்களிடையே இரண்டு வகை வைரஸ்கள் புகுந்தால்? ஒன்றினால் வந்த எதிர்ப்பாற்றல் மற்றதையும் ஓரளவு தடுக்குமானால், அவை ஒரே புல்வெளியில் மேயும் இரண்டு மந்தைகள். 1957-இல் எச்2என்2 உலகெங்கும் பரவியது. 1918 முதல் உலவிய எச்1என்1 காணாமற் போயிற்று. 1968-இல் எச்3என்2 வந்தது, எச்2என்2 மறைந்தது. ஆனால் 1977-இல் எச்1என்1 திரும்பி வந்தபோது எச்3என்2 அசையவில்லை! நோயுற்றவர்களும் பெரும்பாலும் இளைஞர்களே. மூத்தவர்கள் 1957-க்கு முன்பே அதனைப் பட்டறிந்தவர்கள் அல்லவா?

இன்னொரு புதிரும் உண்டு. இன்புளுயென்சா ஓயாமல் உருமாறுகிறது. அப்படியானால் எண்ணற்ற வகைகள் குவிந்திருக்க வேண்டும், குவியவில்லை. 2003-இல் பெர்குசன், கல்வானி, புஷ் மூவரும் இதனைக் கணினியில் நடத்திப் பார்த்தனர். ஒத்த வகைகளை மட்டும் தடுக்கும் நீடித்த எதிர்ப்பாற்றலைக் கொடுத்தபோது வகைகள் பெருகிக்கொண்டே போயின. எல்லா வகைகளையும் சிறிது காலம் தடுக்கும் ஆற்றலையும் சேர்த்தபின்தான், புதியது பழையதைத் தள்ளும் இயல்பான காட்சி கிடைத்தது. அத்தகைய ஆற்றல் மனித உடலில் எவ்வளவு உண்டு என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது. கணிதம் இங்கே விடை தரவில்லை. மருத்துவர் எதைத் தேடவேண்டும் என்று சொல்லியது. அதுவே பெரிய உதவி என்பது என் கருத்து.

2020-இல் கோவிட் பரவியபோது உலகம் கதவடைத்தது. மக்கள் சந்திப்பது கால்பங்கு குறைந்தாலே மேலே நாம் போட்ட பெருக்கல் வந்துவிடும். இரண்டுக்கு மேற்பட்ட எண்ணுடைய கோவிட் அதற்கு மசியவில்லை, இன்புளுயென்சா படுத்துவிட்டது. பி வைரஸில் 1980-களில் பிரிந்த இரு கிளைகளில் விக்டோரியா மீண்டெழுந்தது. யமகாட்டா கிளையோ 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாக எங்கும் காணப்படவில்லை. தடுப்பூசியில் அதற்கு இனி இடம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2023 செப்டம்பரில் தெரிவித்தனர்.