குதிரை அனுப்பிய பக்கம்

மத்திகிரிப் பண்ணை என்றால் இன்று மாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் 1824-ல் கும்பினி ஆட்சி அதைத் தொடங்கியது பட்டாளத்துக் குதிரைகளுக்காக. ஓசூர் மேட்டு நிலத்தின் குளிர்ச்சி குதிரைக்கு ஒத்துவரும். பெங்களூர் தண்டும் பக்கம். குதிரையைத் தேற்றிப் பழக்கிப் படைக்கு அனுப்பியதும் பண்ணையின் வேலை முடிந்துவிடும். அனுப்பப்படும் குதிரைகள் போர்க்களத்தில் என்ன ஆகும் என்பதை அறிய வேறொரு நாட்டின் ஓவியரிடம் போக வேண்டும். ஜெர்மானியரான ஓட்டோ டிக்ஸ் 1924-ல் வெளியிட்ட 'போர்' தொகுப்பில் 50 எட்சிங் ஓவியங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் தலைப்பே 'குதிரைப் பிணம்'. அது மத்திகிரிக் குதிரை அல்ல, ஐரோப்பியப் போர்முனைக் குதிரை. ஆனால் குதிரையை அனுப்பிய பக்கத்துக்கு ஒருபோதும் தெரியவராத காட்சி அது. போர் எதிர்ப்பு ஓவியத்தின் தன்மை, வரைகிறவர் போரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்பது என் வாதம். ஜெர்மனியில் அது கேலியாக வெடித்தது. ஆளும் பொருளும் அனுப்பிய நம் நாட்டில் அதே எதிர்ப்பு பசியின் ஓவியமாகத்தான் வந்தது.

முதலில் ஜெர்மனி. முதல் உலகப் போரில் அந்த நாடு ஏறத்தாழ 1.3 கோடிப் பேரைப் படைக்குத் திரட்டியது; அவர்களில் 20 லட்சம் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் கையிழந்தவர்களும் காலிழந்தவர்களும் பெர்லின் தெருமுனைகளில் தீப்பெட்டி விற்றார்கள். கட்டாய ராணுவச் சேவை என்பதால் அதிகாரியின் அதட்டலும் மருத்துவரின் அலட்சியமும் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதிகள். தெரிந்ததைத்தானே கேலி செய்ய முடியும்? கேயோர்க் க்ரோஸ் வரைந்த ஒரு படத்தில் ராணுவ மருத்துவர் ஒரு எலும்புக்கூட்டின் மேல் குழலை வைத்துச் சோதித்து, 'போருக்குத் தகுதி' என்று சான்று கொடுக்கிறார். எலும்பில் அழுகிய சதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூக்குக் கண்ணாடிகூட மாட்டியபடி இருக்கிறது. சுற்றியிருக்கும் அதிகாரிகளோ தங்கள் அரட்டையில் இருக்கிறார்கள். க்ரோஸே படையில் சேர்ந்து, நோயால் விடுவிக்கப்பட்டு, மறுபடி அழைக்கப்பட்டவர். அந்தச் சோதனை மேசை அவருக்குப் புதிதல்ல. இந்தப் படம் அடங்கிய கல்லச்சுத் தொகுப்பு 1920-ல் வந்தது. 'கடவுள் நம்மோடு' என்ற அதன் தலைப்பு, ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவார்க் கொக்கியில் பொறித்திருந்த வாசகம். ராணுவத்தை இழிவுபடுத்தியதாக வழக்குப் போட்டார்கள்; 1921-ல் க்ரோஸுக்கு 300 மார்க், பதிப்பாளர் வீலாண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டவுக்கு 600 மார்க் அபராதம். வரைந்தவரைவிட அச்சிட்டவருக்கு இரு மடங்கு என்பது கவனிக்கத்தக்கது. அரசின் பயமெல்லாம் பல பிரதிகளாகப் பரவும் காகிதத்தைப் பற்றியது.

இந்தியாவில் கேலிச்சித்திரம் இல்லாமல் இல்லை. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1906 முதலே ஆட்சியாளர்களைச் சித்திரத்தில் கிண்டல் செய்தது. ககனேந்திரநாத் தாகூர் 1917 வாக்கில் கல்லச்சுப் படங்களில் வங்கத்துப் பாபுகளையும் புரோகிதர்களையும் வறுத்தெடுத்தார். ஆனால் பட்டாளம் இவர்களின் முதன்மை இலக்கல்ல. காரணம் கோழைத்தனம் இல்லை. பட்டாளம் இங்கே சம்பளம். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் பென்ஷன் வரும் வீடு, மரியாதையுள்ள வீடு. போர்முனை கடலுக்கு அப்பால். முதல் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள் என்றாலும், ஊரில் இருந்தவர்களுக்குப் போர் என்பது விலைவாசியாகவும் மணியார்டராகவும்தான் வந்து சேர்ந்தது. இந்தச் சப்ளைப் பக்க நிலை இன்றும் தொடர்கிறது: 2019-ல் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று.

சப்ளைப் பக்கத்தில் போர் தன் முகத்தைக் காட்டியது 1943-ல், வங்கத்தில். ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று அஞ்சிய அரசு, அதற்கு முந்தைய ஆண்டே கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைக் கைப்பற்றியது, நெல்லை அப்புறப்படுத்தியது. மீன்பிடிப்பும் சரக்குப் போக்குவரத்தும் முடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் மேதினிப்பூரைப் புயலும் அடித்தது. பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது மதிப்பீடு. 1943 நவம்பரில் ஓவியர் சித்தப்பிரசாத் மேதினிப்பூரைச் சுற்றி, கண்டவர்களைக் கறுப்பு மையில் வரைந்து, தகவலும் எழுதி 'பசித்த வங்கம்' என்ற சிறு நூலாக்கினார். அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பட்டாளத்துக்காரன் ஒருவனைக்கூட நையாண்டி செய்யாத நூலுக்கு இந்தக் கதி. ஆறு, வயல், காலிப் பானை, விலா எலும்பு இவையே ராணுவ முடிவுகளுக்கு எதிரான சாட்சி என்பதை எரித்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இதை மறுக்க வலுவான ஒரு காரணம் உண்டு. சித்தப்பிரசாத் இருந்த கம்யூனிஸ்ட் கட்சி அப்போது போரை 'மக்கள் யுத்தம்' என்று ஆதரித்தது. ஆதரித்த கட்சியின் ஓவியரைப் போர் எதிர்ப்பாளர் என்பது எப்படி? கட்சித் தீர்மானத்தை வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு சரி. ஆனால் ஓவியத்தை அதிலுள்ள கோட்டை வைத்துப் படிக்க வேண்டும். டிக்ஸும் தானே விரும்பிப் படையில் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர்தான்; அவர் நோக்கம் எதுவானாலும் அவருடைய தகட்டில் பதிந்தது போரின் அழுகல். அதற்கு உத்தியும் துணைநின்றது: அமிலம் உலோகத்தை அரித்த இடங்கள், அச்சில் அரிபட்ட சதையாகத் தெரிகின்றன. சித்தப்பிரசாத் பின்னாளில் பெரிதும் கையாண்ட லினோகட்டும் அப்படித்தான். தரைவிரிப்புக்கான லினோலியத் துண்டு, ஒரு செதுக்குளி, கொஞ்சம் மை போதும். பெரிய அச்சகம் தேவையில்லை. கோட்டைக் கனமாக, தயவில்லாமல் வெட்ட வேண்டியிருக்கும். நுணுக்கம் காட்டிக் கண்ணை மயக்க அதில் இடம் குறைவு.

இன்னொரு மறுப்பு வழக்கமானது: படம் வரைந்து எந்தப் போர் நின்றது? நிற்கவில்லைதான். 1933-ல் நாஜிகள் டிக்ஸை டிரெஸ்டன் கலைக்கழகப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆறு ஆண்டில் அடுத்த போர். போரை நிறுத்துவதை அளவுகோலாக வைத்தால் சமாதான ஒப்பந்தங்களும் தேறா. பிறகு மறுத்துப் பேச முடியாதபடி நடந்ததைப் பதிந்து வைப்பது அச்சோவியத்தின் வேலை. அந்த வேலையில் க்ரோஸின் கேலி எலும்புக்கூட்டுக்கும் மேதினிப்பூரின் நிஜ எலும்புக்கூடுகளுக்கும் ஏற்றத்தாழ்வு கற்பிக்க நியாயம் இல்லை. ஆனாலும் போர் எதிர்ப்புக் கலை என்றதும் நம் எழுத்தாளர்கள் பெர்லினையும் டிரெஸ்டனையும் சொல்லிவிட்டு, வங்கத்தைப் பஞ்ச ஓவியம் என்ற தனித் தலைப்பில் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வகைப்பாடு தவறு. 'பசித்த வங்கம்' போர் ஓவியம்தான். எரிப்பிலிருந்து தப்பிய பிரதியைக் கொண்டு அது மறுபதிப்பாகவும் வந்துவிட்டது. டிக்ஸின் தொகுப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.