பாலிப்

கிரேக்க மொழியில் ‘பாலி’ என்றால் பல, ‘பூஸ்’ என்றால் கால். ஆக்டோபஸைக் குறித்த இந்தப் பலகாலிப் பெயரை ஹிப்போகிராட்டஸ் வழி வந்த மருத்துவ நூல்கள் மூக்கினுள் வளரும் சதைக்குச் சூட்டின. பிறகு குடல், கருப்பை என்று உள்சவ்வில் முளைத்த சதையெல்லாம் பாலிப் ஆயிற்று.

சொல் உருவத்தை மட்டுமே காட்டும். புற்றுநோய்க்கும் பாலிப்புக்கும் என்ன உறவு என்பதைத் திசுவைப் பார்த்துத்தான் அறிய முடியும். மலக்குடலில் தென்படும் சிறிய ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பால் பெரும்பாலும் தீங்கில்லை. அடினோமா வகைப் பாலிப் அப்படியல்ல. ‘அடேன்’ என்றால் சுரப்பி. சுரப்பிகள் குழாய் குழாயாக அமைந்திருந்தால் அது டியூபுலார். விரல்கள்போல நீண்டு எழுந்தால் வில்லஸ்; லத்தீனில் அச்சொல்லுக்கு அடர்ந்த மயிர் என்று பொருள். விரலமைப்பு 25 முதல் 75 விழுக்காடு வரை இருந்தால் கலப்பு வகை, அதற்கும் மேலென்றால் வில்லஸ் வகை. விரலமைப்பு கூடக் கூட ஆபத்தும் கூடும். 10 மில்லிமீட்டரை எட்டிய அளவும், செல்களின் கடும் உருக்குலைவான உயர்நிலை டிஸ்பிளேசியாவும் இதே எச்சரிக்கைதான்.

பெரும்பாலான அடினோமாக்கள் புற்றாவதில்லை. ஆகிறவையும் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. கொலோனோஸ்கோப்பியில் கண்டு அகற்ற அந்த அவகாசம் போதும் என்பதை நோயாளிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.