தலையில் பெயர், சிறகில் அடையாளம்

நம்ம கல்முனைப் பக்கம் காக்கா எண்டா மூத்த சகோதரன். கடற்காகம் எண்டா? கரையில் சுத்துற வெள்ளைப் பறவைகள் பலதுக்கும் நாங்கள் போட்டு வைத்திருக்கும் ஒரே பெயர். அந்தப் பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட இலங்கையில் முட்டையிடுவதில்லை. ஒக்டோபர் அளவில் வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில்தான் கூட்டம் அதிகம்.

இதில் ஆளைக் குழப்புவது இரண்டு: கருந்தலைக் கடற்காகம், பழுப்புத்தலைக் கடற்காகம். முதலாவதுக்கு 1766இல் சுவீடனின் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தார். மற்றது தனி இனம் எண்டு 1840இல் எழுதியவர் ஜெர்டன். மதராஸ் இராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். இடையில் 74 வருடங்கள்!

வேடிக்கை என்னவென்றால், 'கருந்தலை'யின் தலையும் உண்மையில் கடும் பழுப்புத்தான். அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும். குளிர்காலத்தில் இரண்டுமே அந்த முக்காட்டைக் கழற்றிவிடும். வெள்ளைத் தலை, காதுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். ஊர் திரும்பும் காலம் நெருங்கும்போதுதான் முக்காடு மறுபடி வரும். அதாவது, தலையைப் பார்த்து வைத்த பெயர் அவை நம்ம கரையில் நிற்கும் பெரும்பகுதிக் காலத்துக்கு உதவாது.

அப்ப எப்படிப் பிரிக்கிறது? பறக்கும்போது சிறகைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலையின் சிறகு நுனி கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டுகள், கண் வெளிறியது. கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளை, கண் கறுப்பு. ஆனால் இளம் பழுப்புத்தலைக்கு அந்தப் பொட்டு இருக்காது, கவனம்.

பெரிய கடற்காகங்களின் கதை இன்னும் முடியவில்லை. ரஷ்யாவின் வடகோடியிலிருந்து வரும் ஹியூக்லின் கடற்காகத்துக்கு 1876இல் பெயர் வைத்தார்கள். அதைத் தனி இனம் எண்டும், இன்னோர் இனத்தின் பிரிவு எண்டும் புத்தகங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. இந்தப் பெரிய கடற்காகக் குடும்பம் வடதுருவத்தைச் சுற்றி வளையம்போல் தொடர்கிறது என்ற பிரபலமான கருத்தையும் 2004இல் வந்த மரபணு ஆய்வு மறுத்தது.

அதனால் குறிப்பேட்டில் வெறும் பெயரை மட்டும் எழுதாதீர்கள். திகதி, இடம், சிறகு நுனி, கண், கால் நிறம் எல்லாம் எழுதுங்கள். நாளைக்குப் பெயர் மாறினாலும், நீங்கள் கண்டது எந்தப் பறவை எண்டு அதை வைத்துச் சொல்லலாம்.