‘உங்கள்’ என்னும் பன்மை: எரேமியாவின் கடிதமும் தலித் கிறித்தவர் வரலாறும்



கடவுள் மனிதர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டால், கிறித்தவர்கள் பெரும்பாலும் எரேமியா புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். கடவுள் தம் மக்களுக்குக் கேட்டை எண்ணவில்லை, நல்வாழ்வையே எண்ணுகிறார் என்பது அங்குள்ள 11ஆம் வசனத்தின் சாரம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனம் இது. வேலை, திருமணம், சொந்த வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று அவரவர் தேவையை அதில் பொருத்திக்கொள்கிறார்கள். துன்பத்தில் இருப்பவருக்கு அது தரும் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் இந்த மண்ணில் என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் கேட்டாக வேண்டும்.

கி.மு. 597இல் பாபிலோனியர்கள் எருசலேமைப் பிடித்து, அரசனையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் கொல்லர்களையும் நாடுகடத்தினார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில்தான் இந்த வசனம் வருகிறது. தமிழ் விவிலியத்தில் கடவுள் ஒரு தனி மனிதரிடம் பேசும்போது ‘நீ’ என்பார். இங்கே வருவது ‘உங்கள்’. அது மரியாதைப் பன்மை அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் பன்மை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெற்றுப் பெருகுங்கள் என்பதே கடிதத்தின் அறிவுரை. விடுதலைக்கு அது குறிக்கும் காலம் 70 ஆண்டுகள். கேட்டவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இருக்கப்போவதில்லை. இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவித்த அனனியாவைப் பொய் சொல்பவன் என்று முந்தைய அதிகாரத்திலேயே எரேமியா கண்டிக்கிறார். உடனடி ஆசீர்வாதத்தை விற்கும் மேடைகள் இன்றும் அனனியாவின் வேலையைத்தான் செய்கின்றன.

கடவுளின் எண்ணத்தை அறிவது எப்படி என்பதற்கும் அதே புத்தகத்தில் விடை உண்டு. 22ஆம் அதிகாரத்தில், கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டிய யோயாக்கீம் அரசனை எரேமியா சாடுகிறார். அவன் தந்தை யோசியாவோ ஏழைகளின் வழக்கில் நியாயம் செய்தான். கடவுளை அறிவது என்பதே அதுதான் என்கிறார். ஆக, நம் கையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன: அந்த எண்ணம் ஒரு கூட்டத்துக்கு உரியது, உழைப்பவருக்கு நியாயம் செய்யாதவர் அதை அறிந்தவர் அல்லர். இவற்றை வைத்துத் தமிழகத் திருச்சபைகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பார்ப்பனத் துறவியின் கோலத்தை ஏற்று உயர்சாதியினரை அணுகினார். 1640இல் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் வந்தார்கள். மீட்பர் ஒருவர், குருக்களோ சாதிக்கேற்ப வேறு என்றானது. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய சீர்திருத்தச் சபையும் இதற்கு விலக்கல்ல. அங்கே 1733இல் முதல் இந்தியக் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். தஞ்சைப் படையில் சேவகராக இருந்து உபதேசியாராகப் பெயர்பெற்ற இராஜநாயக்கனுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. அவர் பறையர், அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர்கள் ஒப்பவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1833இல், பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் வேளாளக் கிறித்தவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடார் உள்ளிட்ட பிறருக்கு. 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டதும் வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. தனியிடம் கேட்ட அந்தக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ‘உங்கள்’ என்ற பன்மையை இரண்டாகப் பிளந்த சுவர் அது.

இத்தனைக்குப் பிறகும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேரிகள் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவத்துக்கு வந்தது ஏன்? அரிசிக்காக என்ற ஏளனம் இன்றும் ஓயவில்லை. பசித்தவர் அரிசி கேட்பதில் இழிவு எதுவும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் அரிசியோடு நிலமும் பள்ளியும் கேட்டார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர்களின் நிலமின்மையை அரசின் முன் வைத்தார்கள். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. வீடு கட்டித் தோட்டம் போடுங்கள் என்ற எரேமியாவின் அறிவுரைக்குச் சேரியில் ஒரு பொருள் இருந்தது: குடியிருக்கும் மனைகூட ஆண்டையின் பெயரில் இருந்தவர்களுக்கு அது பட்டா.

இந்த வாசிப்பு இறையியலாக எழுதப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பறட்டை அண்ணன்’ தியாபிலஸ் அப்பாவு நாட்டார் இசையில் வழிபாட்டை அமைத்தார்; கடவுளைப் ‘பெத்தவரே’ என்று சேரிப் பேச்சில் அழைத்தார். ஒரே உலையில் சமைத்துக் கூடி உண்பதை அவர் நற்கருணையோடு இணைத்தார். இராஜநாயக்கனின் கையை மறுத்தவர்களுக்குக் காலம் கடந்து கிடைத்த மறுமொழி அது. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ மடத்துக்கு உள்ளேயே இருந்த சாதியைப் பொதுவெளியில் வைத்தது.

அரசும் இந்த மக்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறிய பின்னும் இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதை நிறுவ வேண்டும் என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான சான்று நம் ஊர்க் கல்லறைகளிலேயே இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் பங்குக் கோயிலின் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேர் எந்தத் தெரு வரை வருகிறது, பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள், மறைமாவட்டப் பள்ளியில் ஆசிரியர் பணி யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். கடவுள் எல்லாரையும் நினைக்கிறார் என்று அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து சொல்லப்படும்போது, அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ‘எல்லாரில்’ நாங்கள் இருக்கிறோமா என்று கேளுங்கள். நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது கேட்ட கேள்வியும் அதுதான்.

ஜெய்பீம்.